பெட்டிக்கு வழங்கப்பட்ட வாழ்த்துரைகள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கும் சக்கரத்தை உருட்டிய நாளுக்கும் அடுத்தபடியாக, பிப்ரவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்று வரலாற்றில் இடம்பெறப் போகிறது என்பதைச் சாஸரி நகரப் பொதுமக்களுக்குப் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொள்கிறோம். அன்று முற்பகல் பல்கலைக்கழகப் பேரவை மண்டபத்தில், பேராசிரியர் எவரிஸ்தோ தெலோகு அவர்களின் தலைமையில், விண்வெளி நிலையத்துடன் நேரடித் தொடர்பு ஏற்படுத்தப்படும். எடையற்ற வெளியில் மனித உடலின் காவற்படை என்ன செய்கிறது என்ற மாபெரும் வினாவுக்கு விடை காணப்படும். அமைச்சர், குருமார்கள், படைத்தளபதி ஆகியோர் வருகை தருவார்கள். பொதுமக்கள் முன்னதாகவே வந்து அமரவும். முன்வரிசையில் அமர வேண்டாம்.

மருத்துவக் கல்லூரி வாசலில் ஒட்டியிருந்த இந்த அறிவிப்பின் அடியில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: "காவற்படை என்ன செய்யும்? தூங்கும். நம்ம நகராட்சி போலீஸைப் பாத்தாலே தெரியுதே, இதுக்கு அவ்ளோ மேல போகணுமா?" எங்கள் இத்தாலியத் தீவில், இந்தச் சாஸரியில், ஒரு சுவரொட்டி ஒரு ராத்திரிக்கு மேல் மரியாதையோடு இருந்ததாகச் சரித்திரம் கிடையாது.

அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் விஞ்ஞானியாக இருந்த கவினா பிரெத்தா அதைப் படித்துச் சிரித்தாள். எழுதியவன் யாரோ, அவள் வாழ்க்கையில் பாதியைத் தின்ற கேள்விக்கு மிக அருகில் வந்திருந்தான்.

கேள்வி இதுதான். உடம்புக்குள் கிருமி நுழைந்ததும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை விழித்துக்கொண்டு, பெருத்து, பெருகி, சண்டைக்குக் கிளம்புகிறது. எடையற்ற வெளியில் அது சரியாக விழிப்பதில்லை. இவ்வளவு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், எச்சரிக்கை அதன் காதிலேயே விழவில்லையா, அல்லது விழுந்தும் எழுந்திருக்கவில்லையா? காதில் விழவில்லை என்றால் அதற்கு ஒரு வைத்தியம். விழுந்தும் எழவில்லை என்றால் முற்றிலும் வேறு வைத்தியம். கவினாவுக்கு நாற்பத்தேழு வயது. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய ஆசைகள் இல்லை. இதற்கு விண்வெளியில் ஒரே ஒரு முறைதான் இடம் கொடுத்திருந்தார்கள்.

அதற்காகச் செய்ததுதான் பெட்டி. சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் செல்கள். ஒன்றில் வாளவரைக் கொட்டையிலிருந்து எடுத்த புரதம். அது வந்து கலந்தால், கிருமி வந்துவிட்டதாகச் செல்கள் நினைத்துக்கொள்ளும். இன்னொன்றில், எது எப்படி இருக்கிறதோ அதை அப்படியே அசையாமல் பிடித்து வைக்கும் மருந்து. மேலே ஒரு பித்தான். அதை அமுக்கினால் பச்சை விளக்கு எரியும், புரதம் செல்களோடு கலக்கும். ஒரு மணி நேரம் கழித்து மருந்து தானாகவே இறங்கும். அந்த நொடியில் செல்கள் என்ன நிலையில் இருந்தனவோ, அதே நிலையில் நின்றுவிடும். பூமிக்குத் திரும்பி வந்ததும் திறந்து பார்த்தால் கதை தெரிந்துவிடும். நடுவில் நிறுத்த வழி கிடையாது. நிறுத்த முடியாதபடிதான் வேண்டுமென்றே செய்தார்கள், மேலே இருப்பவர்கள் கை சும்மா இருக்காது என்று.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஒரு மணி நேரமும் பெட்டி உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்துவிட்டால் செல்கள் பூமியிலேயே விழிக்காது. பிப்ரவரியில் நாம் விழிக்கிறோமா? அதனால் விண்வெளி நிலையத்தின் சூட்டு அறையிலிருந்து பெட்டியை எடுத்து, பித்தானை அமுக்கி, கையோடு கையாக மறுபடி உள்ளே வைத்துவிட வேண்டும்.

பெட்டியின் மின்சுற்றைச் செய்தவன் பக்கீசியோ முரா. கவினாவோடு ஒரே ஆய்வகத்தில் குப்பை கொட்டும் பொறியாளன். செல்களும் அவனுடையவைதான். குழுவில் எல்லாருடைய ரத்தத்தையும் பரிசோதித்ததில் அவனுடையதுதான் எச்சரிக்கைக்குத் துடித்து எழுந்தது. அவன் வாழ்க்கையில் வேறு எதற்கும் துடித்து எழுந்ததில்லை என்பது அவன் மனைவியின் அபிப்பிராயம். ஏவுதளம் வரைக்கும் பறந்துபோய்க் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவன், அன்றிலிருந்து அந்தச் செல்களை "என் பசங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பசங்களில் பாதிப் பேர் மேலே போனார்கள். மீதிப் பேரை அதே போன்ற இன்னொரு பெட்டியில் வைத்துக் கவினா ஊருக்குக் கொண்டுவந்தாள். இந்தத் தொழிலில் அது சட்டம். மேலே ஒரு பெட்டி என்றால் கீழே அதற்கு ஒரு இரட்டை. மேலே நடப்பதெல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளிக் கீழேயும் நடக்க வேண்டும். மேலே பெட்டியைத் தலைகீழாக வைத்தால் கீழேயும் தலைகீழ். மேலே மின்சாரம் போனால் கீழேயும் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அப்படி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால், கடைசியில் இரண்டுக்கும் மிஞ்சுகிற வித்தியாசம் எடை ஒன்றுதான். மேலே செய்த தப்பைக் கீழே திருத்துகிறவன் விஞ்ஞானி இல்லை, ஏமாற்றுக்காரன்.

பித்தான் அமுக்குவதை விழாவுக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்றவர் பேராசிரியர் தெலோகு. ஆராய்ச்சிக்கு அவர்தான் தலைமை. கையால் ஒரு சோதனைக் குழாயைத் தொட்டு இருபது வருஷமாகியிருந்தாலும், தொடுவது போன்ற புகைப்படங்களுக்குக் குறைவில்லை. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கேமரா இல்லாத இடத்தில் நல்ல மனிதர். கவினா முதலில் மறுத்தாள். அவர் நெஞ்சில் கையை வைத்து, அரை நிமிஷம்தான், பச்சை விளக்கு, கைதட்டல், உடனே பெட்டி உள்ளே, பேச்செல்லாம் அதற்கப்புறம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவள் ஒத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. பல்கலைக்கழகத்தின் தலைவரான ரெக்டர் தோளில் வெள்ளை ரோமப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிராந்திய அமைச்சர். அதற்கப்புறம் மேயர், கர்னல், பேராயரின் பிரதிநிதியாக வந்த குரு விகார் என்று பதவி வரிசைப்படி நாற்காலிகள். பால்கனியில் ராணுவ வாத்தியக் குழு. கவினாவுக்கு ஓரமாக, தூணுக்குப் பின்னால், ஒரு சின்ன மேசையும் கணினியும். அந்தக் கணினி வடக்கே வேறொரு நாட்டில் இருந்த கட்டுப்பாட்டு அறையோடு இணைந்திருந்தது. பக்கீசியோ அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான்.

திரையில் விண்வெளி வீரர் எக்மான் தெரிந்தார். ஸ்வீடன்காரர். நல்ல வளர்ப்பு, முகத்திலேயே தெரிந்தது. சூட்டு அறையிலிருந்து அப்போதுதான் எடுத்த பெட்டியை இடது கையில், இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மிதந்தார். அவருக்கு இத்தாலியன் தெரியாது. மொழிபெயர்க்க ஒரு பெண்ணை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள்.

அமைச்சர் கையை உயர்த்தினார். எக்மான் பித்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். கவினாவும் தட்டினாள். எக்மான் தலையைச் சாய்த்து வணங்கிவிட்டு, சூட்டு அறைப் பக்கம் திரும்பினார்.

"ஒரு நிமிஷம், கமாண்டர்" என்றார் பேராசிரியர்.

அவர் குற்றம் என்று முழுவதும் சொல்லிவிட முடியாது. அமைச்சரின் தாடை அசைந்ததை அவர் பார்த்துவிட்டார். அமைச்சர் தீவின் தலைநகரிலிருந்து காரில் அத்தனை தூரம் வந்திருக்கிறார். விண்வெளியிலிருந்து ஒரு மனிதர் எதிரில் நிற்கிறார். ஒரு வாழ்த்துரை இல்லாமல் அவரை உள்ளே அனுப்புவதா? எங்கள் தீவில், வீட்டு வாசலில் வந்து நிற்கிற தபால்காரனைக்கூட ஒரு வார்த்தை பேசாமல் அனுப்ப மாட்டார்கள்.

"பெட்டியை அப்படியே கேமரா பக்கம் காட்டிக்கிட்டே இருங்க. மாண்புமிகு அமைச்சர் சின்னதா ஒரு வாழ்த்து சொல்வார்."

மொழிபெயர்ப்புப் பெண் சொன்னாள். எக்மான் புன்னகைத்து, பெட்டியை முன்னால் நீட்டினார்.

அமைச்சர் எழுந்து, சுருக்கமாகப் பேசுகிறேன் என்றார். கவினா கடிகாரத்தைப் பார்த்தது அந்த நொடியில்தான். இந்த நாட்டில் அப்படிச் சொல்லிவிட்டுச் சுருக்கமாகப் பேசிய மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அமைச்சர் ஆடு மேய்ப்பவர்களில் தொடங்கினார். பாறைக் கோபுரங்களைக் கட்டிய முன்னோர்களுக்கு வந்தார். கடலைத் தாண்டி ரோமுக்குப் போக விமானச் சீட்டுக் கிடைக்காத தீவு இன்று விண்ணுக்குப் போயிருக்கிறது என்றார். கைதட்டல். கப்பல் கட்டணத்தைப் பற்றித் தாம் மத்திய அரசுக்கு எழுதியதை விளக்கமாகச் சொன்னார். எக்மான் கப்பல் கட்டணத்துக்கும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

கவினா கட்டுப்பாட்டு அறைக்குத் தட்டச்சு செய்தாள். பெட்டி வெளியே இருக்கிறது, விளக்கு எரிந்துவிட்டது, உடனே உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பதில் உடனே வந்தது. தலைமை ஆய்வாளரே நேரடி இணைப்பில் இருக்கிறார், இந்த நிகழ்ச்சி முடியும்வரை வீரருக்கு அறிவுரை சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான், நாங்கள் குறுக்கிடுவது முறையாகாது. ஒழுங்கான மனிதர்கள். ஒழுங்கு தவறாமல் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அமைச்சர் பேசிவிட்டார் என்றால் ரெக்டர் பேசாமல் இருக்க முடியாது. மண்டபம் அவருடையது. வீட்டுக்காரன் வாயை மூடிக்கொண்டிருக்க விருந்தாளி பேசினான் என்று நாளைக்கு ஊர் சொல்லும். ரெக்டரும் சுருக்கமாகத்தான் பேசுவதாகச் சொன்னார். பல்கலைக்கழகத்தின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து எடுத்தார். இரண்டு கொள்ளைநோய்களைக் கடந்து வருவதற்குள் பெட்டி எந்த மட்டுக்குக் குளிர்ந்திருக்கும் என்று கவினா மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பெட்டி சின்னது. சட்டென்று ஆறிவிடும்.

அவள் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, பேராசிரியர் கண்ணில் படும்படி கையை அசைத்தாள். முதலில் மெதுவாக. பிறகு இரண்டு கையாலும். பேராசிரியர் பார்த்தார். பார்த்து மலர்ந்தார். ரெக்டர் முடித்ததும் ஒலிவாங்கியைத் தாமே வாங்கிக்கொண்டார்.

"இந்த வெற்றிக்குப் பின்னால, வெளிச்சத்துக்கு வராம உழைச்ச ஒரு பெண் இருக்காங்க. அதோ கை காட்டறாங்க பாருங்க. நம்ம கவினா. இவங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லலேன்னா நான் நன்றி கெட்டவன்."

இரண்டு வார்த்தையோடு நிற்கவில்லை. அவள் பொறுமை, தியாகம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வகத்துக்கு வந்தது, அவளுடைய காலஞ்சென்ற தகப்பனார் ரயில்வேயில் இருந்தது எல்லாம் வந்தன. மண்டபம் முழுவதும் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டியது. எக்மானும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளாமல், ஒரு கையாலேயே தொடையைத் தட்டி மரியாதை செய்தார். கவினா உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் இறக்கினாள். பேச்சை நிறுத்தப் போனவள் பேச்சை நீட்டிவிட்டு வந்தாள்.

எக்மான் ஒரு முறை கேட்டார். இப்போது உள்ளே வைக்கலாமா என்று, மிகப் பணிவாக. மொழிபெயர்ப்புப் பெண் அதைப் பேராசிரியர் காதில் சொன்னாள். பேராசிரியரின் கண்ணில் ஒரு கணம் சந்தேகம் எட்டிப் பார்த்ததைக் கவினா பார்த்தாள். அது நியாயமான மனிதனின் சந்தேகம். ஆனால் அதற்குள் மேயர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்த மேயரை உட்காரச் சொல்வது எப்படி என்று எந்த விஞ்ஞானமும் இதுவரை சொல்லித் தரவில்லை. "இன்னும் ஒரு நிமிஷம், கமாண்டர்" என்றார் பேராசிரியர்.

பின்வரிசையில் யாரோ ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது கவினா காதில் விழுந்தது.

"பாவம்யா அந்த ஆளு. கை கடுத்துப் போயிருக்கும்."

"எடையே இல்லையே, எப்பிடிக் கடுக்கும்? அதுக்குத்தான் அவங்களை அங்க கொண்டுபோய் வெச்சிருக்காங்க. எத்தனை மேயர் பேசினாலும் தாங்குவாங்க."

கவினா மேடைப் படிக்கட்டுக்குப் போனாள். அங்கே வெள்ளைக் கையுறையும் கழுத்தில் சங்கிலியுமாக விழா முறைமை அலுவலர் நின்றிருந்தார். பெட்டியை உள்ளே வைக்க வேண்டும், பேராசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள் அவள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க பேரு பேசறவங்க வரிசையில இல்லையேம்மா."

"நான் பேச வரலை. பேச்சை நிறுத்த வந்திருக்கேன்."

"விகார் பேசி முடிச்சதும் சொல்லிப் பாக்கறேன். நடுவுல போனா நல்லா இருக்காது. நீங்களே சொல்லுங்க, நல்லா இருக்குமா?"

நல்லா இருக்காது என்று அவளுக்கும் தெரியும். அதுதான் வேதனை. சின்ன வயசிலிருந்து கோயிலில், பள்ளிக்கூடத்தில், கல்யாணத்தில், சாவு வீட்டில், பெரியவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருந்து பழகிய உடம்பு. கால் நகரவில்லை. அவளுக்கு ஒரே நம்பிக்கை மிச்சம் இருந்தது. இணைப்புக்கு ஒதுக்கிய நேரம் முடியப் போகிறது. முடிந்ததும் திரை அணைந்துவிடும். எக்மான் பெட்டியை வைத்துவிடுவார். மேசைக்கு ஓடி வந்து கணினியைப் பார்த்தாள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி வந்திருந்தது. நிகழ்ச்சி சிறப்பாக நடப்பதைக் காண்கிறோம். உங்கள் வசதிக்காக இணைப்பை நீட்டித்திருக்கிறோம். வாழ்த்துகள்.

"என்னாச்சு?" என்றான் பக்கீசியோ.

அவள் திரையைக் காட்டினாள். அவன் படித்துவிட்டு, மேலே மிதக்கிற பெட்டியைப் பார்த்தான்.

"என் பசங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் குடுத்து அனுப்பியிருக்கலாம்" என்றான். குரலில் சிரிப்பு இல்லை.

கர்னல் பேசினார். விகார் பேசினார், அவர் ஒருவர்தான் சுருக்கமாக முடித்தார், ஆனால் முடித்துவிட்டுப் பெட்டிக்காக ஒரு சிறு ஜெபம் சொன்னார். இனி யாரும் இல்லை. கவினா தீர்மானித்துவிட்டாள். போனால் போகட்டும், கத்திவிடுவது. மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள்.

பால்கனியில் வாத்தியக் குழு தேசிய கீதத்தைத் தொடங்கியது.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஏற்கெனவே நின்றிருந்த கவினாவும் கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு விறைத்தாள். அவள் உடம்பு அவளைக் கேட்கவில்லை. மேலே எக்மான், கீழே எல்லாரும் எழுவதைப் பார்த்துவிட்டுத் தாமும் நிமிர்ந்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிதந்தார். பச்சை விளக்கு அவர் சட்டையில் மினுங்கியது. மண்டபத்தில் சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கவினாவும் துடைத்துக்கொண்டாள்.

பெட்டி சூட்டு அறைக்குள் போனபோது அந்த ஒரு மணி நேரத்தில் முக்கால் பங்குக்கு மேல் தீர்ந்திருந்தது.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் கவினா கோட்டைக்கூடக் கழற்றாமல் சூட்டுப் பெட்டியின் கண்ணாடிக் கதவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். உள்ளே இரட்டைப் பெட்டி, முப்பத்தேழு டிகிரியில், சொகுசாக இருந்தது. பக்கீசியோ கடைத்தெருவிலிருந்து கடலைமாவு அடை வாங்கி வந்தான், மிளகு தூவி. இரண்டு பேரும் தொடவில்லை. கீழ்ப் பெட்டியைத் தொடங்க நேரம் நெருங்கிக்கொண்டிருந்தபோது பேராசிரியர் வந்தார். விருந்திலிருந்து நேராக வந்திருந்தார். திருவிழாப் பணியாரத்துச் சர்க்கரை கோட்டு முகப்பில் ஒட்டியிருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப நேரமாயிடுச்சு, இல்ல?" என்றார்.

"ஆயிடுச்சு."

"கீழே இருக்கறது நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அப்போ அதை ஒழுங்கா நடத்திடு கவினா. சூட்டுலயே வெச்சு. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணையும் எதுக்குக் கெடுத்துக்கணும்?"

"சூட்டுல வெச்சா கீழே இருக்கறது முழிச்சுக்கும். மேலே இருக்கறது குளிர்ல தூங்கியிருக்கும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, எடையில்லாததாலதான் தூங்கிடுச்சுன்னு ஆகும்."

"ஆகட்டுமே. அதைத்தானே நாமளும் சொல்லிட்டிருக்கோம்."

"தூங்கினது குளிரால, புரொபசர்."

பேராசிரியர் சர்க்கரையைத் தட்டிவிட்டார். பெட்டிக்குள் வெப்பமானி கிடையாது; எடை கூடும் என்று கடைசியில் கழற்றிவிட்டிருந்தார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் பார்த்தது ஒரு பச்சை விளக்கையும் ஒரு நல்ல மனிதரையும்தான். நடந்ததன் விளைவு என்னவென்று தெரிந்தவர்கள் இந்த அறையில் இருந்த மூன்று பேர். அவர் இதையெல்லாம் சொல்லவில்லை. மூன்று பேரையும் ஒரு முறை பார்வையால் எண்ணினார், தம்மையும் சேர்த்து.

"எனக்கு உன்னோட விஞ்ஞான மனசாட்சி மேல முழு நம்பிக்கை இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். எங்கள் ஊரில் ஒரு பேராசிரியர் இப்படிச் சொன்னால், இன்றைக்கு ஒரு நாள் அதை வீட்டில் வைத்துவிட்டு வா என்று அர்த்தம்.

கவினா யோசித்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்க என்ன இருந்தது? சூட்டில் வைத்தால் பொய் கிடைக்கும். குளிரில் வைத்தால் ஒன்றுமே கிடைக்காது. மூன்றாவதாக ஒரு வழி இருந்ததென்றால் அது காலையில் ஓர் அரை நிமிஷம் மட்டும் இருந்தது. அவள் கேள்விக்கு இரண்டு வழியிலும் பதில் இல்லை. காதில் விழவில்லையா, விழுந்தும் எழவில்லையா? இனி அது அவளோடேயே இருக்கும், அவள் இருக்கிற வரைக்கும்.

எழுந்து அறையின் வெப்பத்தை விண்வெளி நிலையத்தில் இருந்த அளவுக்குக் குறைத்தாள்.

"அப்போ அப்பிடித்தானா?" என்றான் பக்கீசியோ.

"வேற எப்பிடி? அந்த விழாவைப் பதிவு பண்ணியிருக்கியா?"

"முழுசா."

"போடு. எந்த இடத்துல என்ன நடந்துச்சோ அந்தந்த இடத்துல நாமளும் செய்யணும்."

அவன் காணொளியை ஓட விட்டான். அமைச்சர் கையை உயர்த்தினார். கவினா சூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துப் பித்தானை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. மண்டபம் கைதட்டியது. ஒரு நிமிஷம், கமாண்டர் என்றார் பேராசிரியர்.

"எந்தக் கை?" என்றான் பக்கீசியோ.

"இடது கை. ரெண்டு விரல்."

அமைச்சர் சுருக்கமாகப் பேசத் தொடங்கினார். பெட்டி முதலில் கதகதப்பாக, ஒரு குழந்தையின் கால் மாதிரி இருந்தது. ஆட்டிடையர்கள் போனார்கள், முன்னோர்கள் போனார்கள். கப்பல் கட்டணம் வந்தபோது கதகதப்புப் போய்விட்டது. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். எக்மான் மூடிக்கொள்ளவில்லை. அவளும் மூடிக்கொள்ளவில்லை. கண்ணாடிக் கதவு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. உள்ளே சூடு காத்துக்கொண்டிருந்தது.

ரெக்டர் கொள்ளைநோய்களைக் கடந்து வந்தார். பிறகு திரையில் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

"யாருடி இது, கடைசி பஸ்ஸைப் பிடிக்கற மாதிரி?" என்றான் பக்கீசியோ.

கவினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி ஆடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு சிரித்தாள். அதற்குள் பேராசிரியர் அவளுடைய தியாகத்துக்கு வந்துவிட்டார். பொறுமை. ஞாயிற்றுக்கிழமைகள். அப்பாவின் ரயில்வே. அவள் தன் புகழுரையை முழுவதும் கேட்டாள், கையில் பச்சை விளக்கோடு, ஒன்றும் செய்யாமல். மேயர், கர்னல். பக்கீசியோ இப்போது நகைச்சுவையெல்லாம் விட்டுவிட்டான். தன் கையை மடித்து, ரத்தம் எடுத்த இடத்தை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தான். விகாரின் ஜெபத்துக்கு அவன் சிலுவை போட்டுக்கொண்டதை அவள் கவனிக்காதது போல இருந்தாள்.

கீதம் தொடங்கியது.

"எந்திரிக்கணுமா?"

"மேலே நின்னாரு."

இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சட்டைக்கு மேலாகவே சில்லென்று இருந்தது.

பெட்டி விண்வெளியிலிருந்து திரும்பி வந்தபோது சந்தையில் வசந்தகாலத்துக் கூனைப்பூச் சீசன் முடிந்துபோயிருந்தது. கவினா இரண்டு பெட்டிகளையும் தானே திறந்து, தானே சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பல நாள் பார்த்தாள். எழுதிக் கொடுத்தாள். நடந்ததையும் சேர்த்தே எழுதியிருந்தாள். பேராசிரியர் அந்தப் பத்தியை நடை சரியில்லை என்று எடுத்துவிட்டார். அவள் போய் அந்தப் பத்தி இல்லாமல் வெளியிடுவதானால் தன் பெயரை எடுத்துவிடும்படி கேட்டாள். அதற்கென்ன என்று அவர் அதையும் எடுத்துவிட்டார். மறு பயணத்துக்கு விண்ணப்பித்ததற்குப் பதில் வந்தது: ஒருமுறை வெற்றிகரமாக முடிந்த சோதனைக்கு மறுமுறை இடம் தருவதில்லை.

ஜூன் மாதம் அதே மண்டபத்தில், அதே அமைச்சர் முன்னிலையில், பேராசிரியர் முடிவை அறிவித்தார். மேலே போன செல்களுக்கும் கீழே இருந்த செல்களுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை என்றும், எடையின்மையால் மனிதனின் காவற்படைக்கு யாதொரு தீங்கும் இல்லை என்பது இத்தால் நிலைநாட்டப்பட்டது என்றும், செவ்வாய்க் கிரகத்துக்கான பாதையைச் சாஸரி நகரம் திறந்துவைத்திருக்கிறது என்றும் சொன்னார். வாழ்த்துரைகள் வழங்கப்பட்டன.

இரண்டு பெட்டிகளிலும் செல்கள் குளிரில் தூங்கியிருந்தன.